டிக் விழாத பக்கம்

எங்கள் பத்திரிகையின் பிரதிகள் வாசகர்கள் வீட்டுக்குப் போய்விட்டு எங்களிடமே திரும்பி வரும். திரும்பி வந்த கட்டை என் நண்பன் டீ வாங்கப் போகும் நேரம் பார்த்து நான் பிரித்துவிடுவேன். பிரித்ததும் முதலில் என் பக்கங்களைத் தேடுவேன். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும், ஒரு கறை இல்லாமல், ஒரு மடிப்பு இல்லாமல். அப்புறம் அந்த அம்மாவின் பக்கத்தைப் பார்ப்பேன். டீ வட்டம், எண்ணெய் விரல், ஸ்கேல் வைத்து அழுத்திய தடம், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலில் ஒரு டிக். வாசகன் பக்கத்தை அழுக்காக்கினால் பத்திரிகை நடத்துகிறவனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

விவரமாகச் சொல்கிறேன். பத்திரிகையின் பெயர் ‘பத்து இருபது’. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக நாங்கள் இருவர் நடத்துவது. அந்தக் கம்ப்யூட்டர் பார்க்க வெறும் கீபோர்டு போல இருக்கும். டிவியின் பின்னால் சொருகினால் உயிர் வரும். ஒருகாலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார்கள். இராயபுரத்தில் எங்கள் கோயில் தெருவிலேயே அப்படி மூன்று வீட்டில் இருந்தது. என்னுடையதை என் அப்பா கொண்டுவந்தார். அவர் கப்பலில் சமையல்கட்டு ஆள். எனக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது, அது இன்னும் ஓடுகிறது. இதில் புரோகிராம் எழுதும்போது வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போடுவோம், நடுவில் ஏதாவது மறந்துபோனால் செருக இடம் வேண்டுமே. பத்திரிகையின் பெயர் அதிலிருந்து வந்தது.

என் நண்பன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை பார்க்கிறவன். லாரி ஏறி நிற்கும், இவன் எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் மூடியிருக்கும். நான் மாதா கோயிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு அங்கே போய்விடுவேன். அந்த எடைச்சீட்டு அடிக்கும் பிரிண்டரில்தான் எங்கள் புரோகிராம்களையும் அடிப்போம். கரகரவென்று அடித்து வரும் தாளைக் கத்தரித்து, பசை போட்டு ஏ-ஃபோர் தாளில் ஒட்டி, திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்தால் பத்திரிகை தயார். முப்பது பிரதி. ஒரு பிரதி மூன்று நான்கு வீடு சுற்றும்.

பழைய பிரதியைக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும் என்பது அவன் போட்ட சட்டம். “காலி சிலிண்டர் குட்த்தாத்தான் மாமு ரொம்பின சிலிண்டர்” என்பான். அவன் எடைமேடைக்காரன், எதையும் திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் நம்புவான். படித்தார்களா, சும்மா சமோசா மடிக்க எடுத்துக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு.

தெரிந்துகொள்வது சுலபம். வாசகர் புரோகிராமைத் தன் மெஷினில் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடிக்க வேண்டும். புத்தகத்தை டிவிக்கு முன்னால் சாய்த்து, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, அடித்து முடித்த வரிக்கு ஒரு டிக் போட்டு, அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். டிக் போடாவிட்டால் கண் வழுக்கிவிடும். ஆக, டிக் விழுந்த பக்கம் வாழ்ந்த பக்கம். டிக் விழாத பக்கத்தை வாசகர் பார்த்திருப்பார், “ம்” என்றிருப்பார், புரட்டியிருப்பார்.

என் பக்கங்களுக்கு டிக் விழுந்ததே இல்லை. நான் எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். வருகிற பெட்டி, போகிற பெட்டி எல்லாவற்றின் எண்ணையும் சரிபார்ப்பது வேலை. கண்டெய்னர் எண்ணில் கடைசி இலக்கம் சும்மா போட்டது அல்ல. முன்னால் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் ஒரு கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை நாற்பத்தொரு வரியில் புரோகிராமாக எழுதிப் பத்திரிகையில் போட்டேன். மூன்று மாத உழைப்பு. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்று இன்றும் நினைக்கிறேன். புளியந்தோப்புப் பக்கம் போன ஒன்றைத் தவிர மற்ற பிரதிகள் எல்லாம் திரும்பி வந்தன. அத்தனையிலும் என் பக்கம் சலவையிலிருந்து வந்த வேட்டி.

“கண்டெய்னர் எவன் வூட்ல மாமு கீது, நம்பர் செக் பண்றதுக்கு?” என்று நண்பன் சமாதானம் சொன்னான். அது சமாதானமா கிண்டலா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புளியந்தோப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றா சொல்வது, அது ஒரு மருந்து அட்டைப்பெட்டி. அச்சு கோணலாகிப்போன பெட்டியைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் நீல மசியில் எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு பெண். ஹவுசிங் போர்டு விலாசம். அட்டைப்பெட்டி கம்பெனியில் மடித்து ஒட்டும் வேலை செய்வதாகவும், பக்கத்து பிளாக்கில் ஒருவர் மூலமாகப் பத்திரிகை கிடைத்ததாகவும் இரண்டு வரி. அதற்குக் கீழே என் கண்டெய்னர் புரோகிராம். என்னுடைய நாற்பத்தொரு வரி செய்கிற அதே வேலை, ஒன்பது வரியில்.

நண்பன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு எடைமேடை அறையில் எழுந்து நின்றே விட்டான். “யார்றா இந்தம்மா? சும்மா அல்ட்டிக்காம ஒம்போது வரில முட்ச்சி குட்த்துக்கீது!” நான் பசை டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப மூடினேன்.

எங்கள் பத்திரிகையில் எதையும் அச்சுக்கு விடுவதற்கு முன் ஒருமுறை மெஷினில் அடித்து ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. அந்த ஒன்பது வரியை அடிக்கும்போது நான் வேண்டிக்கொண்டது இது: எங்காவது ஒரு தப்பு இருக்கட்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கட்டும். ஓட்டினேன். யார்டில் பார்த்த பத்து கண்டெய்னர் எண்களைக் கொடுத்தேன். பத்தும் சரி. ஒன்றைத் தப்பாகக் கொடுத்தேன், தப்பு என்று சொன்னது. மெஷினை அணைத்துவிட்டேன். அணைத்தால் அடித்தது எல்லாம் போய்விடும், அப்படியாவது ஒழியட்டும் என்று.

அடுத்தடுத்து அட்டைகள் வந்தன. தாயம் விளையாடும் புரோகிராம், பிறந்த தேதி கொடுத்தால் கிழமை சொல்வது, மின்சார மீட்டரின் பழைய ரீடிங்கும் புது ரீடிங்கும் கொடுத்தால் பில் சொல்வது. எல்லாம் பொடிசு, எல்லாம் ஓடும். வாசகர்கள் டிக் போட்டுத் தள்ளினார்கள். “அந்த அட்டைப்பெட்டி அம்மா இந்த தபா இன்னா எழுதிக்கீறாங்க?” என்று இரண்டு பேர் எடைமேடைக்கே வந்து கேட்டார்கள். ஆசிரியர் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்த சில்லறைத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தை நடுவில், பின் அடிக்கும் மடிப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே வைத்தால் புத்தகம் விரிந்து நிற்காது, பார்த்து அடிப்பது கஷ்டம். வாசகர்கள் பின்னைப் பிடுங்கிவிட்டுத் தாளைத் தனியாக எடுத்து அடித்தார்கள். எழுத்தைச் சின்னதாக்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததாக எண்ணூரிலிருந்து ஒருவர் சந்தோஷமாக எழுதியிருந்தார். வீட்டில் என் மனைவி, “இன்னா, ஞாயித்துக்கெழம ஆனா மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி ஆய்டுது?” என்றாள். விஷயத்தைச் சொன்னால் சிரிப்பாள், அவள் சிரித்தால் எனக்கே நான் செய்வது தெரிந்துவிடும்.

கண்டெய்னர் இதழில் புளியந்தோப்புக்குப் போய் நின்ற அந்த ஒரு பிரதியும் ஒருவழியாகத் திரும்பி வந்தபோது என் பக்கத்தைத் திறந்தேன். என் பக்கத்தில் பென்சில்! ஆனால் அவை டிக் இல்லை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சின்னச் சின்ன எண்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று, சில அடிக்கப்பட்டு, அடுத்தது எழுதப்பட்டு. பக்கத்தின் ஓரம் முழுக்க, மேலே, கீழே, பின் அடித்த இடுக்கில்கூட. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னைத் திருத்துகிறார் என்று. பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டைத் திருத்துகிற மாதிரி வரிக்கு வரி.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு என்று பெட்டி கட்டி எழுதினேன்: ‘புத்தக ஓரத்தில் கணக்குப் போடும் அன்பர்கள், தயவுசெய்து மெஷினில் போட்டுப் பார்க்கவும். இது கம்ப்யூட்டர் பத்திரிகை.’ யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கு மட்டும் தெரியும். எழுதி ஒட்டியதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அன்று இரண்டு டீ குடித்தேன்.

இதற்கு நடுவில் என் மெஷின் பழுதாகிக்கொண்டு வந்தது. ஆர் எழுத்து விழுவதில்லை. பென்சிலைத் தலைகீழாகப் பிடித்துக் குத்தினால்தான் விழும். பிரிண்ட் என்பதிலும் ஆர், ஃபார் என்பதிலும் ஆர். ஆர் இல்லாமல் என்ன புரோகிராம் எழுதுவது? இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் பழைய சாமான்களில் ஒரு நல்ல மெஷின் வந்தால் எனக்கு என்று நண்பன் சொல்லி வைத்திருந்தான். ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மேஜைமேல் துண்டு போட்டு மூடி வைத்திருந்தான். எடுத்தேன். என் அப்பா கொண்டுவந்த அதே மாடல், ஒரு கீறல் இல்லை, எல்லாக் கீயும் விழுகிறது.

“உனுக்குத்தான் மாமு. சொன்னன்ல” என்றான். அந்தச் சாயந்திரம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அதில் நான் அடித்த முதல் புரோகிராம், வேறு வழியில்லை, அவருடையது. புது அட்டை வந்திருந்தது. ‘கப்பல்’ என்று தலைப்பு. திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு கப்பல் போக வேண்டும், முப்பத்திரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கப்பல் கொஞ்சம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அப்படி நிறுத்துவதற்கு மெஷினைச் சும்மா எண்ணச் சொல்வோம்: ஒன்றிலிருந்து இத்தனை வரை எண்ணு, எண்ணி முடித்துவிட்டு நகர். அவர் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார்.

ஓட்டினேன். திரையில் ஏதோ சரக்கென்று போனது. அவ்வளவுதான். கண் சிமிட்டியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நாற்காலியில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன். தப்பு. கடைசியில் ஒரு தப்பு! இந்த மெஷின் பத்து எண்ணுவது நாம் இமை தட்டுவதற்குள் முடிந்துவிடும். முன்னூறாவது கொடுக்க வேண்டும். இந்த மெஷின் வைத்திருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால். அங்கே என் சிரிப்பு நின்றது. எழுந்து போய் அந்தப் பிரதியை எடுத்து வந்தேன், ஓரமெல்லாம் எண் எழுதியிருந்ததை. என் புரோகிராமில் முதல் எழுத்துக்கு என்ன மதிப்பு வரும், இரண்டாவதற்கு என்ன வரும், கூட்டினால் எவ்வளவு, அடுத்த சுற்றில் எவ்வளவு, எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் என்னைத் திருத்தவில்லை. புரோகிராமை ஓட்டியிருக்கிறார். மெஷின் செய்ய வேண்டியதைப் பென்சிலால் செய்திருக்கிறார். அவரிடம் மெஷினே இல்லை.

இந்த இடத்தில் நல்ல மனுஷனாக இருந்தால் இரக்கப்பட்டிருப்பான். எனக்குப் பொறாமை இன்னும் ஏறியது. அப்பா வாங்கித் தந்து, இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு, நான் நாற்பத்தொரு வரி எழுதினேன். கையில் ஒன்றும் இல்லாமல் அந்த அம்மா ஒன்பது வரி எழுதினார். எந்த நியாயத்தில் இது சேர்த்தி? ஒன்று தீர்மானித்தேன். அவர் தோற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. கப்பல் சரக்கென்று போவதை அவர் முகத்துக்கு முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டு, “இப்படித்தாம்மா ஓடும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். நண்பனிடம், அந்த அம்மாவிடம் திருத்தம் கேட்டு வரப் போகிறேன் என்றேன். என் பழைய மெஷினில் ஆர் விழாதே, அதனால் புதுசைத்தான் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் புளியந்தோப்பு போனேன். மூன்றாவது மாடி. கதவு திறந்தேயிருந்தது. என் வயது இருக்கும், விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும், “அய்ய, ஆசிரியரா! உள்ள வாங்கண்ணா, நிக்கிறீங்களே” என்று நாற்காலியில் இருந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். சுவரோரம் கவர்மெண்ட் கொடுத்த பழைய பெட்டி டிவி. எனக்கு அதுதான் வேண்டும்.

பையிலிருந்து மெஷினை எடுத்தேன். அவர் கட்டிலோரம் ஒதுங்கினார். கிட்டே வரவில்லை, தொடவில்லை, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். நான் டிவியில் சொருகி, சேனலைத் திருகிப் பிடித்து, அவருடைய அட்டையைப் பார்த்து முழுப் புரோகிராமையும் அடித்தேன். வேண்டுமென்றே நிதானமாக அடித்தேன். “இப்போ பாருங்க உங்க கப்பலை” என்று ஓட்டினேன்.

சரக்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தானே வந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. “பத்து போதாதும்மா” என்று ஆரம்பித்தேன். “முன்னூறு கொடுக்கணும். இந்த மெஷின்…”

“இன்னொருக்கா” என்றார்.

ஓட்டினேன். சரக்.

“பத்து எண்ணுச்சாண்ணா அது? அதுக்குள்ளியா?”

“எண்ணிச்சு.”

“ஒவ்வொரு கட்டத்துக்கும்?”

“ஒவ்வொரு கட்டத்துக்கும்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சின்னப் பிள்ளை மாதிரி. “ஒரு ஞாயித்துக்கெழம பூரா எண்ணிக்கினு கெடந்தேண்ணா நானு. ஒரு கட்டம் போவும், பத்து எண்ணுவேன், ஒவ்வொண்ணா எழுதி எழுதி அடிச்சிக்கினு. அடுத்த கட்டம், பத்து எண்ணுவேன். வடிச்ச சோறு ஆறிப்போச்சி. கப்பல் அந்தாண்ட போய் சேர்றதுக்குள்ள பொழுதே சாஞ்சிடுச்சி. இது இன்னாடான்னா…” என்று கையால் காற்றில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். “போட்டுங்கண்ணா, இன்னொருக்கா.”

எத்தனை தடவை ஓட்டினேன் என்று தெரியாது. நடுவில் டீ போட்டுக் கொடுத்தார். குடிக்கும்போது சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தாராம். ஒரு மெஷின், இருபது பேர். பாடம் முழுக்கப் பலகையில் எழுதிப் போட்டார்கள், நோட்டில் எழுதிக்கொண்டார். மெஷினில் உட்கார வரிசை போட்டிருந்தார்கள். “என் டர்ன் வர்றதுக்குள்ள கோர்ஸ் முட்ஞ்சிடுச்சி” என்றார், குறையாக அல்ல, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

மெஷினைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும், கிளம்ப வேண்டும் என்று நான் தம்ளரைக் கீழே வைத்தேன். அப்போது அவர் சொன்னார்.

“உங்க பத்திரிகைல போட்டிருந்தீங்களே, ஓரத்துல கணக்கு போட்றவங்க மெஷின்ல போட்டுப் பாருங்கன்னு. படிச்சிட்டு ஒரே பேஜாராப் பூட்ச்சி, எங்கிட்ட எங்க கீது மெஷினுன்னு. அப்பால நெனச்சிக்கினேன், இத்தப் பாத்துட்டுத்தான் எழுதிக்கீறாங்க, எதுனா ஏற்பாடு பண்ணுவாங்கன்னு. பண்ணிட்டீங்கண்ணா.”

நான் எழுதிய குத்தலை அவர் வாக்கு என்று படித்திருக்கிறார். இத்தனை நாள் அதை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பையோடு படியேறி வந்ததும் அவருக்கு அது நடந்தேவிட்டது. “இல்லைம்மா, இது என்னோடது” என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“மொதல்ல உங்களுதத்தான் போட்டுப் பாக்கணும்னு இருந்தேண்ணா” என்று அலமாரியிலிருந்து ஒரு கத்தை ஜெராக்ஸ் எடுத்தார். ஒவ்வொரு பிரதியையும் திருப்பிக் கொடுக்கும் முன் என் பக்கத்தை மட்டும் கடையில் கொடுத்து எடுத்து வைத்திருக்கிறார். “அதான் நீங்க ஒன்பது வரியில எழுதிட்டீங்களே” என்றேன். “உங்க நாப்பத்தொண்ணுலேந்துதாண்ணா அந்த ஒம்போதயே எட்த்தேன். அத்த ஓட்டாம இத்த ஓட்னா நல்லாவா இருக்கும்?”

டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்து, அழுத்திவிட்டுத் திரையில் விழுந்ததா என்று பார்த்தார். ஆர் ஒரே தட்டில் விழுந்தது. ஒரு வரி முடிந்ததும் பென்சிலை எடுத்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, வரியின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். என் பக்கத்தில் விழுந்த முதல் டிக். இத்தனை நாள் இதற்காகத்தான் ஏங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றாக விழுகிறது. என் கண் அந்த டிக்குகளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து விழுந்த ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தில் வந்தது எனக்கு எந்த வயதில் நின்றுபோனது என்று யோசித்தேன். அவருடைய ஒன்பது வரிமேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பட்டதுதான் பொறாமை.

நாற்பத்தொரு வரிக்கும் மத்தியானம் வரை ஆனது. ஓடியது. என் சட்டைப்பையில் இருந்த யார்டு சீட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் எண்ணைப் படித்தேன், அவர் அடித்தார். ‘சரி’ என்று திரையில் வந்தது. கை தட்டினார்.

இறங்கிவரும்போது பை காற்றில் ஆடியது. நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன், வந்ததும் போனதும் எல்லாவற்றையும். “நல்ல மன்சுதான் மாமு உனுக்கு” என்றான். “நல்ல மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாய் வரல, அவ்ளோதான்” என்றேன். அவன் நம்பவில்லை.

‘கப்பல்’ அச்சுக்குப் போகும் முன் அவரிடமிருந்து ஓர் அட்டை வந்தது. பத்தை மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள் என்று எழுதியிருந்தார். அப்படியே போட்டோம். பிரதிகள் திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் வாசகர்கள் பத்தை அடித்துவிட்டு இருநூறு, முன்னூறு என்று எழுதியிருந்தார்கள். எண்ணூர்க்காரர் ஐந்நூறு. புளியந்தோப்புப் பிரதியில் மட்டும் பத்து பத்தாகவே இருந்தது. அந்த வரிக்கும் ஒரு டிக்.

அன்று வீட்டில் என் பழைய மெஷினைப் போட்டேன். பென்சிலைத் திருப்பிப் பிடித்து ஆர்களைக் குத்திக் குத்தி அந்தப் புரோகிராமை அடித்தேன். பத்து என்றே கொடுத்தேன். திரைக்கு நேராக, கண்ணை இமைக்காமல் உட்கார்ந்துகொண்டு ஓட்டினேன். சரக்கென்று போனது. இன்னொருக்கா என்று நானே சொல்லிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினேன். கப்பல்தான் போனது. அந்த அம்மா அதில் கண்டது எனக்குத் தெரியவில்லை.